தராவாவுக்கு எத்தனை தபால் தலை

நேற்று வரைக்கும் உள்ளூராக இருந்த ஓர் ஊர் இன்றைக்கு எப்படி வெளிநாடாகும் என்று பசெமெத்தாவுக்கு விளங்கவே இல்லை. தராவா எங்கேயாவது நகர்ந்து போய்விட்டதா? நடுவில் இருக்கிற கடல் அகலமாகிவிட்டதா? எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவளுடைய ஒரே மகன் மனோவா ஆறு வருஷமாக அங்கே துறைமுக ஆபீசில்தான் வேலை பார்க்கிறான். ஆனால் ஜனவரி முதல் தேதியிலிருந்து இத்தனை நாள் ஒரே ஆட்சியில் சேர்ந்திருந்த கில்பர்ட்காரர்கள் தனியாம், நாம் தனியாம், தராவா அவர்கள் பக்கமாம், நம் நாட்டுக்குப் பெயர் துவாலுவாம். வானொலியில் சொன்னார்கள். தேவாலயத்தில் ஒரு ஜெபம் நடந்தது. வீட்டுக்கு வீடு பன்றிக்கறி கொடுத்தார்கள். அதை மென்று முடித்துவிட்டு எல்லாரும் பழையபடி மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

குழப்பம் வந்தது இரண்டாவது வாரம், புது வருஷத்தின் முதல் கப்பலோடு.

கப்பல் காலை எட்டு மணிக்குப் பவளத்திட்டுக்கு வெளியே வந்து நின்றது. படகுகள் போய் அரிசி, மாவு, மண்ணெண்ணெய், தபால் பை எல்லாவற்றையும் கரை சேர்த்தன. நாலு மணிக்குக் கடல் இறங்கத் தொடங்குமுன் கடைசிப் படகு திரும்பிப் போயாக வேண்டும். இங்கிருந்து கப்பல் நேராகத் தராவாவுக்கு. இனி இந்தப் பக்கம் அது எட்டிப் பார்க்க இரண்டு மாசம் ஆகும்.

தபால் பையில் மனோவாவின் கடிதம் இருந்தது. பசெமெத்தா அதைத் தென்னை மரத்தடியில் நின்றபடியே படித்தாள்.

"அம்மா, இங்கே எல்லாரையும் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். நம் ஆட்களை ஊர் கொண்டுவந்து சேர்க்க ஃபிப்ரவரியில் ஒரு கப்பல் புறப்படுகிறது. அப்புறம் அப்படிக் கப்பல் கிடையாது. தெபோரா என்று ஒரு பெண் இருக்கிறாள், கில்பர்ட்காரி. டின் இறைச்சி நாலு அனுப்பியிருக்கிறேன். நீ வா என்று எழுதினால் வந்துவிடுகிறேன். இந்தக் கப்பலில் உன் கடிதம் வரவில்லை என்றால் நீ இருந்துகொள் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டு இங்கேயே பெயர் பதிந்துகொள்வேன்."

தெபோராவாம்! டின் இறைச்சிக்கு முன்னால் ஒரு வரி! பசெமெத்தாவுக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. ஒன்பது வருஷத்துக்கு முன் புருஷனைக் கடல் கொண்டுபோனது. இருக்கிற ஒரே பிள்ளையை இப்போது ஒரு பெயர் தெரியாத கில்பர்ட்காரி கொண்டுபோவதா? பெயர் தெரிந்துவிட்டதுதான், இருந்தாலும். உள்ளே போனாள். பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாள் கிழித்தாள். "உடனே புறப்பட்டு வா. அந்தப் பெண்ணிடம் நல்லபடியாகச் சொல்லிவிட்டு வா. அம்மா" என்று எழுதினாள். உறையில் போட்டு ஈரப்பலா மரத்துப் பால் தடவி ஒட்டினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள் பாவம்.

தபாலாபீஸ் பூட்டிக் கிடந்தது. தபாலைப் பார்த்துக்கொள்கிற கெலேசேயை மனியாப்பாவுக்கு, அதுதான் ஊர்க்கூடத்துக்கு, தலைவர் கூப்பிட்டனுப்பிவிட்டார். பையில் நம் நாட்டின் முதல் தபால் தலைகள் வந்திருக்கின்றன என்று கெலேசே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் யாரிடமோ சொல்லிவிட்டான். பத்து நிமிஷத்தில் ஊரே கூடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டது.

நடுவில் தாழம்பாய். பாய்மேல் ஒரே ஒரு தாள். அறுபது தபால் தலை. அடுத்த கப்பலில் மிச்சம் வருமாம்.

தலைவர் ஃபலானி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏன்டா கெலேசே, இது பழைய ஸ்டாம்ப் மாதிரில்ல இருக்கு? அதே கடல் பறவைதானே?"

"ஆமாங்க பெரியவரே. பழைய ஸ்டாம்ப்தான். பழைய பேரு மேல கறுப்பு மையால கோடு இழுத்து, பக்கத்துல நம்ம பேர அடிச்சிருக்காங்க."

"அப்ப இது நம்மளுதா, அவங்களுதா?"

கெலேசே தலையைச் சொறிந்தான். "நம்மளுதுதான். பறவ மட்டும் அவங்களுது."

"பறவ ரெண்டு பக்கமும்தான்டா பறக்குது," என்றான் மீனவன் செமு. கூடம் சிரித்தது.

தலைவர் சிரிக்கவில்லை. "எதுவா இருந்தாலும் நம்ம நாட்டோட முதல் பொருள். நம்ம கரைக்கு வந்துடுச்சு. வந்தா என்ன செய்வோம்?"

என்ன செய்வோம்! ஆமை பிடிபட்டால் என்ன செய்வோம், கரையில் ஒதுங்கிய மரத்தை என்ன செய்வோம், அதேதான். வீட்டுக்கு வீடு பங்கு.

கெலேசே பதறிப்போனான். "ஐயையோ பெரியவரே, இது விக்கிறதுக்கு! கடுதாசி போடுறவங்க வந்து வாங்குவாங்க!"

"கடுதாசி போடாதவன் இந்த நாட்டுல இல்லையா? அவனுக்குப் பங்கு கிடையாதா?"

  விலை முழுவதையும் ஊர்ப்பொதுப் பெட்டியிலிருந்து கொடுத்துவிடுவது என்று முடிவானதும் கெலேசேயும் ஒத்துக்கொண்டான். ஐம்பத்தெட்டு வீடு. போதகருக்கு ஒன்று. கூடத்தின் நடுத்தூணுக்கு ஒன்று. ஒன்றுகூட மிச்சமில்லை. பங்கு கூவுகிறவன் எழுந்து நின்று, ஆமைக்கறிக்குக் கூவுகிற அதே குரலில், "இது செமு வீட்டுப் பங்கு! இது லோசா வீட்டுப் பங்கு! இது பசெமெத்தா வீட்டுப் பங்கு!" என்று ஒவ்வொன்றாகக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தான். இதற்கே மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. அப்புறம் போதகர் ஜெபம் வேறு செய்தார், நீளமாக.

பசெமெத்தா ஒரு கையில் கடிதமும் மறு கையில் தன் பங்குத் தபால் தலையுமாகக் கெலேசேயின் பின்னாலேயே ஓடினாள்.

"இந்தா, இத ஒட்டி முத்திரை குத்து. மனோவாவுக்கு."

கெலேசே உறையை வாங்கி முகவரியைப் படித்தான். படித்துவிட்டு அவளைப் பார்த்தான். மறுபடி உறையைப் பார்த்தான்.

"அக்கா, தராவாவுக்கா?"

"ஆமா. பின்ன எங்க இருக்கான் அவன்?"

"உள்ளூருக்குன்னா ஒண்ணு போதும்க்கா. வெளிநாட்டுக்கு மூணு ஒட்டணும்."

"அதான் ஒண்ணு குடுத்திருக்கேனே."

"தராவா இப்ப வெளிநாடாச்சே!"

"உன் நாக்கு அழுகிப்போக! எம்புள்ள வெளிநாட்டுலயா இருக்கான்?"

கெலேசே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். நாற்காலி அரசாங்கத்துடையது. எந்த அரசாங்கம் என்று அவனுக்கே சந்தேகம்தான்.

"எனக்கு மட்டும் ஆசையாக்கா? போன மாசம் போட்டிருந்தா ஒண்ணு. இப்ப எத்தனைன்னு எனக்குத் தெரியல. கம்மியா ஒட்டி, அங்க கரையில தூக்கிப் போட்டுட்டான்னா? அதுக்குத்தான் மூணுங்கறேன்."

"பழைய ஸ்டாம்ப் டிராயர் நிறைய வச்சிருக்கியே. அதுல ரெண்டு ஒட்டு."

"அது செல்லாது."

"அதே பறவதானே? நீயே பேனாவால பழைய பேர அடிச்சிட்டு நம்ம பேர எழுதேன். அவங்களும் அதைத்தானே பண்ணிருக்காங்க?"

கெலேசே ஒரு கணம் பேனாவைப் பார்த்தான். நிஜமாகவே சபலப்பட்டான். பிறகு பேனாவை டிராயருக்குள் போட்டு மூடினான். "வேணாம்க்கா. ஜெயில்ல போட்டுருவாங்க."

"எந்த நாட்டு ஜெயில்ல?"

"அதுவும் தெரியலையே!" என்றான் அவன், அழாத குறையாக.

தீவுக்குத் தீவு பேசுகிற வானொலிப் பெட்டியில் பேசலாம்தான். ஆனால் நாளைக் காலைதான் நம் முறை. அதுவும் நம் நாட்டின் எட்டுத் தீவும் காதை வைத்துக்கொண்டு கேட்கும். வீட்டு விஷயத்தை அதிலா பேசுவது? பசெமெத்தா படகுத்துறைக்கு ஓடி, கப்பல் எழுத்தரின் கையில் கடிதத்தைத் திணிக்கப் பார்த்தாள். அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"போன வருஷம்னா பையில போட்டுட்டுப் போயிருப்பேம்மா. இப்ப அங்க எறங்கறப்ப சட்டைப்பையத் துழாவுறாங்க. தபால் முத்திரை விழுந்த கடுதாசின்னா சரி. உங்க ஆளு எத்தன ஒட்டச் சொல்றானோ ஒட்டிட்டு வாங்க. நாலு மணிக்குப் படகு."

அப்போது மணி இரண்டு.

இரண்டு தபால் தலைதானே, கேட்டால் யாரும் இல்லை என்று சொல்கிற ஊர் இல்லையே என்று பசெமெத்தா தைரியமாகத்தான் கிளம்பினாள். இல்லை என்று யாரும் சொல்லவும் இல்லை. எல்லாரும் ஒட்டிவிட்டிருந்தார்கள்! அதுதான் வயிற்றெரிச்சல். முதல் வீட்டில் வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். அடுத்த வீட்டில் படகின் மூக்கில். இன்னொரு வீட்டில் பிறந்து பதினெட்டு நாளான குழந்தையின் நெற்றியில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, உரித்தால் அழும் என்றார்கள். போதகர் வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஆணியே அடித்தாகிவிட்டது. ஒரு வீட்டில் கிழவனார் உள்ளங்கையில் பத்திரமாகப் பொத்தி வைத்திருந்தார். வேர்வையில் பசை இளகிக் கையோடு ஒட்டிக்கொண்டது. "கையோட கூட்டிட்டுப் போம்மா, கெலேசே கையிலேயே முத்திர குத்தட்டும்" என்றார் அவர்.

போதாக்குறைக்கு எல்லாரும் கேட்டார்கள்: யாருக்குக் கடிதம்? எதற்கு இவ்வளவு அவசரம்? பசெமெத்தா ஏதேதோ சொன்னாள். ஒரு வீட்டில் டின் இறைச்சி வந்து சேர்ந்தது என்று எழுதுவதாகச் சொன்னாள். இன்னொரு வீட்டில் மகனுக்குப் பல் வலி என்றாள். பல் வலிக்குக் கடிதத்தில் என்ன மருந்து எழுதுவாள் என்று அந்த வீட்டுக்காரி கேட்டாள். பசெமெத்தா அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

செமுவின் தபால் தலை மட்டும் தப்பியிருந்தது. அவன் அதைத் தொப்பிக்குள் செருகி வைத்துவிட்டு மறந்துபோயிருந்தான்.

"எடுத்துக்க. எனக்கு யாரு இருக்கா கடுதாசி போட? திருப்பித் தரவெல்லாம் வேணாம். ஆனா அவன வரச் சொல்லு. இந்த ஊர்ல படகு இழுக்க ஆளே இல்ல."

"நான் என்ன எழுதிருக்கேன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"பல் வலியாமே," என்றான் செமு.

மணி மூன்று. இன்னும் ஒன்று வேண்டும். கடைசியாக அவள் போக விரும்பாத வீட்டுக்குத்தான் கால்கள் போயின.

லோசா அவளுக்கு நாத்தனார், செத்துப்போன புருஷனின் தங்கை. லோசாவின் மகன் வயேலேயும் தராவாவில்தான் இருந்தான். டிசம்பர் கப்பலில் ஊருக்கு வந்துவிட்டான். அன்றையிலிருந்து லோசாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. "எம்புள்ள சொன்ன ஒடனே வந்துட்டான். ஒம்புள்ளதான் என்னமோ பிகு பண்றான்" என்று பார்க்கிற இடத்திலெல்லாம் ஒரு குத்து. அந்த வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறதே என்று பசெமெத்தாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

நல்லவேளை, லோசா கப்பலைப் பார்க்கத் துறைக்குப் போயிருந்தாள். வயேலே மட்டும் தரையில் மல்லாந்து கிடந்தான். வந்து ஒரு மாசமாகிறது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. பெட்டி மூலையில் கயிறு கட்டியபடியே இருந்தது. பக்கத்தில் பதநீர்க் குடுக்கையில் எறும்பு மொய்த்தது.

"டேய், ஒங்க வீட்டு ஸ்டாம்ப் எங்க? ஒட்டித் தொலச்சாச்சா?"

"இல்ல அத்தே." அவன் எழுந்திருக்காமலே சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். "எனக்கெதுக்கு? ஒண்ண வச்சு என்ன பண்ண? மூணு வேணுமாமே."

வாங்கிக்கொண்டாள். திரும்பி ஓட வேண்டியதுதான். வாசல் வரை வந்தும்விட்டாள்.

"என்ன எழுதிருக்கீங்க அத்தே?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. "வான்னு எழுதிருக்கேன்."

வயேலே கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மாவும் அதத்தான் எழுதினாங்க."

"வந்தல்ல? அம்மா சந்தோஷமா இருக்காள்ல?"

"ஆமா. அம்மா சந்தோஷமாத்தான் இருக்காங்க." அவன் சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான். "அங்க ஒருத்திகிட்ட, ஒரு மாசத்துல எழுதுறேன்னு சொல்லிட்டு வந்தேன். என்னன்னு எழுதறது? வான்னா, இங்க சேர்ப்பாங்களா தெரியல. வராதன்னு எழுதக் கை வரல. அதனால எழுதல. சாப்பிடுறேன், தூங்கறேன். நல்லாத்தான் இருக்கேன் அத்தே."

 மூன்று தபால் தலையும் கையில் இருக்க, பசெமெத்தா வெளியே வந்தாள். துறையை நோக்கி நடந்தாள். ஓடத்தான் நினைத்தாள், கால்கள் நடந்தன. மனோவாவும் இப்படித்தான் கயிறு கட்டிய பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடப்பானா? சேச்சே, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. வயேலே மட்டும் அப்படிப்பட்டவனா என்ன? சின்ன வயசில் ஒரு நிமிஷம் தரையில் நிற்காத பயல். வா என்று எழுதினால் வருவான். வந்து? வராவிட்டால் அவள் மட்டும் எப்படி இருப்பாள்? இந்தப் பக்கம் நினைத்தால் அது சரியாகப்பட்டது. அந்தப் பக்கம் நினைத்தால் அதுவும் சரியாகப்பட்டது. ஆண்டவரே, ஒரு கடிதம் போடுவதற்கு இத்தனை பாடா!

துறையில் கெலேசே மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். படகில் கொப்பரை மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. லோசா இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள். மணலில் ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கெலேசே ஒரு காகிதத்தை மடித்துச் செருகியிருந்தான்.

"கெடச்சிருச்சா அக்கா? குடுங்க குடுங்க, ஒட்டிடலாம்."

பசெமெத்தா உறையைக் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்து, ஓரத்தைக் கிழித்தாள்.

"என்னக்கா பண்றீங்க! படகு கெளம்பப் போவுது!"

"பென்சில் குடுடா."

எழுதியிருந்ததை அடித்தாள். தபால் தலையில் பழைய பெயர்மேல் கோடு இழுத்திருந்த அதே மாதிரி ஒரு கறுப்புக் கோடு. பக்கத்தில் எழுதினாள்: "தெபோராவையும் கூட்டிக்கொண்டு வா. அவள் வரமாட்டேன் என்றால் நீயும் அங்கேயே இரு. நான் கோபப்படமாட்டேன். கொஞ்ச நாள் படுவேன், அப்புறம் சரியாகிவிடும். எதுவானாலும் கடிதம் போடு. படுத்துக் கிடக்காதே."

கெலேசே தலைகீழாகவே படித்துவிட்டான். "கில்பர்ட் பொண்ண இங்க எறக்கலாமாக்கா? அதுக்கு என்ன சட்டமோ?"

"வேணாம்னு எங்கயாவது எழுதிருக்கா?"

"தெரியலையே."

"தெரியலல்ல? சும்மா இரு."

கப்பல் எழுத்தர் அவசரப்படுத்திக்கொண்டே வந்தான். வந்தவன் மேசையில் இடித்தான், மேசை ஆடியது, குனிந்து காலடியில் இருந்த காகிதத்தை உருவிப் பிரித்துப் பார்த்தான்.

"என்னய்யா இது, அரசாங்கச் சுற்றறிக்கை! எல்லாத் தீவுக்கும் ஸ்டாம்போட சேர்த்துக் குடுத்தாங்களே, படிக்கலையா நீ?"

"ஸ்டாம்ப் தாளுக்கு அடியில இருந்துது," என்றான் கெலேசே, ஈனமாக. "கூட்டத்துல பங்கு பிரிக்கறப்ப... காத்துக்கு விசிறிட்டிருந்தேன்."

எழுத்தர் உரக்கப் படித்துச் சொன்னான்: "மறு அறிவிப்பு வரும் வரைக்கும் தராவாவுக்குப் போற கடுதாசிக்கு உள்நாட்டுக் கட்டணமே. ஒண்ணு போதும்யா!"

பசெமெத்தா கெலேசேயைப் பார்த்த பார்வையில் அவன் நாற்காலியோடு மணலுக்குள் புதைந்துபோயிருக்க வேண்டும். வாயில் வந்ததையெல்லாம் வரிசையாகத் திட்டினாள். அவன் அப்பனையும் சேர்த்துத் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. ஒரு மணிக்கே இதைப் படித்திருந்தால் அந்த முதல் கடிதம் அல்லவா போயிருக்கும்? திட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தினாள்.

தாளை உறைக்குள் போட்டு ஓரத்தை மடித்து, தன் பங்குத் தபால் தலையை மட்டும் எச்சில் தொட்டு ஒட்டினாள். கெலேசே முத்திரை குத்தினான். கடிதம் எழுத்தரின் பைக்குள் போனது.

மூட்டை தூக்க ஆள் போதாமல் யாரோ வயேலேயைக் கூட்டி வந்திருந்தார்கள். கடைசி மூட்டையைப் படகில் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். பசெமெத்தா புடவை நனைவதைப் பாராமல்... புடவை ஏது இந்த ஊரில், இடுப்புத்துணி நனைவதைப் பாராமல் இறங்கிப் போய், அவன் கையைப் பிடித்து உள்ளங்கையில் அவன் தந்த தபால் தலையை வைத்து அழுத்தினாள்.

"ஒண்ணு போதுமாம்டா."

"என்னது?"

"தராவாவுக்கு ஒண்ணே போதும். காகிதத்துல இருக்கு."

வயேலே கையைப் பார்த்தான். படகைப் பார்த்தான். படகுக்காரன் துடுப்பை எடுத்துவிட்டான். அடுத்த நிமிஷம் வயேலே தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு கரைக்கு ஓடினான். மேசைமேல் கிடந்த காகிதம் அந்தச் சுற்றறிக்கை ஒன்றுதான். அதைத் திருப்பிப் போட்டு, பென்சிலைப் பறித்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தான்.

"டேய்! அரசாங்கக் காகிதம்டா அது!" என்று கெலேசே கத்தினான். யார் கேட்டார்கள்?

நாலைந்து வரி இருக்கும். மடித்து மேலே முகவரி எழுதினான். உறை இல்லை, விளிம்பைச் சேர்த்து அதன்மேல் தபால் தலையை ஒட்டினான், மூடியும் ஆயிற்று, கட்டணமும் ஆயிற்று. கெலேசே தலையில் அடித்துக்கொண்டே முத்திரை குத்தினான். வயேலே அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் போய்ப் படகில் கொடுத்துவிட்டான். படகு பவளத்திட்டின் வாயைத் தாண்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றான்.

லோசா பசெமெத்தாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குத்தலாக ஏதோ வரப்போகிறது என்று பசெமெத்தா காத்திருந்தாள்.

"யாருக்கு எழுதறான் அண்ணி?"

"அங்க ஒரு பொண்ணாம்."

"என்ன எழுதினான்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

 "அப்படி ஒருத்தி இருக்கான்னு எனக்குத் தெரியும் அண்ணி," என்றாள் லோசா. "பேரு என்னன்னு மட்டும் நான் கேக்கவே இல்ல."

பசெமெத்தாவின் கையில் செமுவின் தபால் தலை மிச்சம் இருந்தது. வேர்வையில் விரலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்து லோசாவிடம் கொடுத்தாள்.

"கரைக்கு வருவான்ல, கேளு. கேட்டு, அடுத்த கப்பலுக்கு நீயும் அவளுக்கு ஒண்ணு எழுது."

லோசா அதை வாங்கி, அந்தப் பறவையையும் கறுப்புக் கோட்டையும் பார்த்தபடி நின்றாள். வயேலே இன்னும் தண்ணீரில்தான் நின்றுகொண்டிருந்தான்.